எந்தப் பக்கத்துப் புண்

ஆடும் புலியும் ஒரே துறையில் தண்ணீர் குடித்த காலம் என்று சொல்வார்களே, அந்தக் காலத்தில் நடந்தது இது. தண்ணீர் குடித்து முடித்த பிறகு புலி என்ன செய்தது என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் புலி இல்லை. களஞ்சியக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் போதும்.

கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட அரசருக்கு வீரம் என்றால் உயிர். தம்முடைய வீரத்தைச் சொல்லவில்லை, பிறருடைய வீரத்தைச் சொல்கிறேன். போர் நடக்கும்போது அவர் மூன்று மலை தள்ளிக் கூடாரம் அடித்து உட்கார்ந்துகொண்டு, வருகிற செய்தியைக் கேட்டுக் கேட்டு மெய்சிலிர்ப்பார்.

அந்த அரசர் ஒருநாள் முரசறைந்து ஓர் ஆணை போட்டார். போரில் அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போனவனுக்கு, உயிர் உள்ளவரைக்கும், ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் ஊர்க் களஞ்சியத்திலிருந்து இரண்டு வண்டி நெல் கொடுக்க வேண்டும். புண்ணுக்குக் கொடுப்பதால் அதற்குப் புண்நெல் என்று பெயர்.

நல்ல ஆணைதான். ஆனால் அதன் வாலில் ஒரு நிபந்தனை இருந்தது. புண் நெஞ்சில் இருக்க வேண்டும். முதுகில் புண் இருந்தால் அவன் எதிரிக்கு முதுகு காட்டியவன், அவனுக்கு ஒரு மணி நெல்லும் கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் ஆகா என்று தலையாட்டினார்கள். ஈட்டி எந்தப் பக்கமிருந்தும் வரும் என்று தெரிந்தவர்கள் படையில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

பிறகு மேற்கு மலைநாட்டாரோடு ஒரு போர் நடந்தது. அந்தப் போரில் நம் அரசர் வென்றார். அப்படித்தான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வென்ற படை எதற்காக ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஆற்றை நீந்திக் கடந்து வீட்டைப் பார்த்து ஓடி வந்தது என்று கல்லில் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்தப் படையில் ஈட்டிக்காரனாக இருந்தவன் கொற்றன், கருவேலங்குறிச்சிக்காரன். எல்லாரும் திரும்பி வந்தபோது அவன் வரவில்லை. ஓர் இடையரின் குடிசையில் கிடந்து, காய்ச்சலில் பிதற்றி, பிழைப்பானா மாட்டானா என்று இழுத்துக்கொண்டிருந்து, மெல்லத் தேறி ஊர் வந்து சேர வெகுகாலம் ஆகிவிட்டது. வந்தவனுடைய வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. கை இருந்தது, அவ்வளவுதான். ஈ ஓட்டக்கூட அது ஆகாது.

அவன் மனைவி சேந்தி அவனைப் பார்த்ததும் அழுதாள். அழுது முடித்ததும் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவன் இல்லாத காலத்தில் அவள் ஊர்த்தலைவர் வீட்டில் நெல் குத்தி, கூலியாகக் கிடைத்த நொய்யைக் கஞ்சி காய்ச்சிக் குடித்து உயிரோடு இருந்தாள். இப்போது அதே நொய்யில் இரண்டு பேர் குடிக்க வேண்டும்.

அவர்களுக்கு ஏரிக்கரையை ஒட்டி ஒரு துண்டு வயல் இருந்தது. உழுகிறவனுக்குத்தான் வயல் என்பது அந்த ஊர் வழக்கம். இரண்டு ஆண்டு தரிசாகக் கிடந்தால் ஊர்ச்சபை அதை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். ஓர் ஆண்டு ஏற்கெனவே தரிசு. ஒற்றைக் கையால் ஏர் பிடித்து மாட்டையும் ஓட்ட முடியாது. புண்நெல் கிடைத்தால் அதைக் கொண்டு ஆள் வைத்து உழலாம். கிடைக்காவிட்டால் சித்திரை பிறந்ததும் வயல் போய்விடும். வயல் போனால் அந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கொற்றனின் அந்தக் கை மட்டும்தான் மிஞ்சும்.

அதனால் பங்குனி மாதம், களஞ்சியம் பூட்டுவதற்கு முன்னால், கொற்றன் புண்நெல் கேட்டுப் புறப்பட்டான்.

முதலில் களஞ்சியத்துக்குப் போனான். களஞ்சியக்காரர் அந்துவனார் திருடாதவர், பொய் சொல்லாதவர், ஒரு மணி நெல்லைத் தமக்கென்று எடுக்காதவர். பிறருக்கும் கொடுக்காதவர். எலி ஒரு பிடி தின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"புண்ணு எங்க?" என்று கேட்டார்.

கொற்றன் மேல்துண்டை விலக்கினான். வலது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழே, தோல் சுருங்கி ஒரு தழும்பு இருந்தது.

அந்துவனார் உற்றுப் பார்த்தார். நெஞ்சுதான், சந்தேகம் இல்லை. வேறு வழியில்லாமல் நெல் அளக்கும் மரக்காலைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது.

"கொஞ்சம் திரும்பு, பாப்போம்."

கொற்றன் திரும்பினான். முதுகில் அதைவிடப் பெரிய தழும்பு ஒன்று இருந்தது. மரக்கால் கீழே இறங்கியது.

"இதென்னடா, பின்னாலயும் இருக்கு?"

"அதே புண்ணுதாங்கய்யா. ஈட்டி அந்தப் பக்கமா வந்து இந்தப் பக்கமா வெளிய வந்துருச்சு. அப்ப ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தேன்."

"நீ யாரைத் தூக்குனா எனக்கென்ன? முன்னால இருந்தா நெல்லு உண்டு. பின்னால இருந்தா கெடையாது. ரெண்டு பக்கமும் இருந்தா என்ன செய்யறதுன்னு ஆணையில இல்லியே."

"பாதியாச்சும் குடுங்கய்யா."

"பாதிப்புண்ணுன்னு ஒன்னு ஆணையில எங்கடா இருக்கு? வைத்தியர்கிட்டப் போ. எது வந்த வழி, எது போன வழின்னு அவரு சொல்லட்டும்."

மரக்காலை இருந்த இடத்தில் வைத்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கொற்றன் மீண்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தான்.

இரண்டாவதாக வைத்தியர் பூதனாரிடம் போனான். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வீட்டில் இருந்த ஒரே கோழியை எடுத்துக்கொண்டு போனான். பூதனார் படித்தவர். கொற்றனை வெளிச்சத்தில் நிறுத்தி, முன்னால் வந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், மறுபடி முன்னால் வந்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். கொற்றன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அருமையான புண்ணு. இப்படி ஒன்ன நான் பாத்ததே இல்ல," என்றார் வைத்தியர்.

"கை தூக்க வரமாட்டேங்குதுங்க. அதுக்கு ஏதாச்சும் எண்ணெய், கிண்ணெய்..."

"கையைப் பாக்கச் சொல்லியா உன்னை அனுப்புனாங்க? பக்கத்தைத்தானே பாக்கச் சொன்னாங்க. பின்னால பெருசு, முன்னால சிறுசு. வந்த வழி பின்னால, போன வழி முன்னால."

"அப்ப நெல்லுங்க?"

"அது வைத்தியம் இல்லப்பா, நியாயம். நியாயத்துக்குச் சபை இருக்கு. நம்ம தலைவரே நெஞ்சுல புண்பட்டவரு. வலி தெரிஞ்சவரு. அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

கோழியை மட்டும் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை சேந்தி நெல் குத்திவிட்டுக் களைத்து வந்தாள். நடந்ததைக் கேட்டாள். வாசலில் நின்றபடியே, தெருவுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"வந்த ஓட்டை பெருசா, போன ஓட்டை பெருசான்னு பாக்குறாங்களே, நடுவுல ஒரு மனுசன் இருந்தான்னு யாரும் பாக்கலியா?"

"கத்தாத புள்ள. தலைவர்கிட்டப் போறேன். அவரு நல்லவருன்னு சொல்றாங்க."

"நல்லவருதான். நெல்லு குத்துற எங்களுக்கு மோர் குடுக்கச் சொல்லுவாரு. ஆனா அவரு கதையக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

மூன்றாவதாக ஊர்ச்சபைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் தலைவர் மருதங்கிழாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவர் அந்த ஊர்க்காரர் அல்ல. அந்தப் போரில் நெஞ்சில் புண்பட்டு வந்தவர். இடது மார்பில், இதயத்துக்கு நேர் மேலே, புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு. வெற்றி விழாவில் அரசர் தம் விரலால் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக் கண்ணீர் விட்டாராம். தொட்ட கையோடு கருவேலங்குறிச்சியின் தலைமையையும் கொடுத்துவிட்டார். கூடவே ஆண்டுக்கு இரண்டு வண்டி புண்நெல்லும்.

அன்று முதல் மருதங்கிழார் மேல்துண்டைத் தோளில் போட்டதே இல்லை. மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மார்கழிப் பனியில் பல் கிட்டினாலும் திறந்த மார்புதான். தழும்பைச் சுற்றிச் சந்தனம் பூசியிருப்பார். யாராவது வெளியூர்க்காரர் வந்துவிட்டால் போர்க்கதையை எடுத்துவிடுவார். முதல் மாதத்தில் அவர் ஓர் எதிரியோடு மல்லுக்கு நின்றார். அடுத்த மாதத்தில் மூன்று எதிரிகள். இப்போது ஒரு சிறு படையே அவரைச் சூழ்ந்துகொண்டிருந்தது.

மற்றபடி அவர் கெட்டவர் இல்லை. யார் வீட்டுக் கூரையாவது தீப்பிடித்தால் முதல் கட்டு ஓலை அவர் வீட்டிலிருந்துதான் போகும்.

சபை கோயில் மண்டபத்தில் கூடியது. நடுவில் ஒரு பலகை மேல் மருதங்கிழார் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அந்துவனார், இடுப்பில் களஞ்சியச் சாவியோடு. மறுபக்கம் வைத்தியர் பூதனார். சுற்றிலும் ஊர். பெண்கள் தூண்களை ஒட்டி நின்றார்கள், அவர்களில் சேந்தியும் ஒருத்தி. வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது.

"எதிரிக்கு முதுகைக் காட்டினியா, இல்லியா?" என்று தலைவர் கேட்டார்.

"காட்டினேங்க," என்றான் கொற்றன்.

மண்டபம் முணுமுணுத்தது. இப்படியா ஒருவன் சபையில் நின்று ஒப்புக்கொள்வான்! இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு மழுப்புவதுதானே ஊர் வழக்கம். அந்துவனார் முகம் மலர்ந்தது.

"எதுக்காகக் காட்டினே?"

"கையில ஆள் இருந்துச்சுங்க. ஓடச் சொல்லி முரசு அடிச்சாங்க..."

"நாமதான் ஜெயிச்சோமே, எதுக்கு ஓடச் சொல்லப் போறாங்க?" என்று அந்துவனார் இடைமறித்தார்.

"ஜெயிச்சுட்டு ஓடச் சொன்னாங்க போலங்க," என்றான் கொற்றன். அவன் கேலி செய்யவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை.

தலைவர் கனைத்தார். "அதை விடு. நீ மேல சொல்லு."

"எல்லாரும் ஓடினோம். மழை வேற. ஆத்தங்கரைச் சேத்துல ஒருத்தரு விழுந்து கெடந்தாரு. அடி ஒன்னும் படல. பயத்துல கால் வரல, அவ்வளவுதான். விட்டுட்டு ஓட மனசு வரலீங்க. கொழந்தையத் தூக்கறாப்பல நெஞ்சோட சேத்துத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அப்பத்தான் முதுகுல எறங்குச்சு."

"யாரு அந்த ஆளு?"

"தெரியலீங்க. மூஞ்செல்லாம் சேறு. எம்மூஞ்சியும் அப்படித்தான்."

மருதங்கிழார் புன்னகை செய்தார். அவரும் போர்க்கதை சொல்லிப் பழகியவர் அல்லவா? அடுத்தவன் கதையில் எங்கே சுருதி ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாதா?

"சரி. இந்தச் சபை நியாயமான சபை. நீ தூக்கிட்டு வந்த ஆளை இங்க கூட்டிக்கிட்டு வா. 'ஆமா, என்னைத்தான் இவன் தூக்குனான்'னு அவன் இந்தச் சபையில நின்னு சொல்லட்டும். சொன்னா உனக்குப் புண்நெல் உண்டு. இது என் வாக்கு."

ஆகா, என்ன நியாயம் என்று மண்டபம் சொல்லியது. எல்லாரையும்விட அந்துவனார்தான் அதிகம் மகிழ்ந்தார். சேறு பூசிய முகத்தை ஒரு நாடு முழுக்கத் தேடி எடுப்பதற்குள் எத்தனை அறுவடை போய்விடும்! அவருக்குக் கொஞ்சம் விளையாடிப் பார்க்கவும் ஆசை வந்தது.

"ஏம்ப்பா, ஊர் ஊராத் தேடணுமே. அந்த ஆளுக்கு ஏதாச்சும் அடையாளம் உண்டா?"

கொற்றன் யோசித்தான்.

"உண்டுங்க. என் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினாரு, பிய்ஞ்சுரும்போல இருந்துச்சு. அப்புறம் 'அத்தே, அத்தே'ன்னு கத்திக்கிட்டே வந்தாரு. எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. இவரு அத்தைன்னு கத்துறாரேன்னு அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

மண்டபம் சிரித்தது. அந்துவனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதங்கிழார் சிரிக்கவில்லை.

அவரை வளர்த்தது அவருடைய அத்தை. பெற்ற தாயை அவர் பார்த்ததே இல்லை. அந்த மண்டபத்தில் இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கொற்றன் சொல்லிக்கொண்டே போனான். "ஈட்டி எனக்குள்ள போய் முன்னால வந்து, அவரு நெஞ்சுலயும் லேசாக் குத்திருச்சு. குத்துனதும் மயங்கிட்டாரு. எனக்கு வலது பக்கம், எதிர்ல இருந்தவருக்கு இடது பக்கம். ஒரு புளியங்கொட்டை அளவுக்குத்தான் பட்டிருக்கும். அக்கரையில நல்லபடியாப் படுக்க வச்சேன். அப்புறம் எனக்கும் கண்ணு இருட்டிருச்சு."

அப்போது ஊர் ஒரு புதுமையைப் பார்த்தது. பங்குனி வெயிலில், வியர்வை வழிந்துகொண்டிருக்க, மருதங்கிழார் பக்கத்தில் இருந்த துண்டை எடுத்து உதறி, மார்பை மூடிக்கொண்டார்.

பலருக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவருக்குக் காய்ச்சலோ என்று நினைத்தார்கள். வைத்தியருக்குப் புரிந்தது. அவர் கண் ஒரு மார்பிலிருந்து இன்னொரு மார்புக்குப் போய்விட்டுத் தரையில் நின்றது. அவர் வாயைத் திறக்கவில்லை, படித்தவர் அல்லவா. சேந்திக்கும் புரிந்தது. தினம் தினம் அந்தத் தழும்பைப் பார்த்தபடி நெல் குத்தியவள் அவள்.

தூணிலிருந்து நகர்ந்து வந்து கணவன் பின்னால் நின்றாள். "என்னங்க, அது அவருதான். சொல்லுங்க. கையை நீட்டிச் சொல்லுங்க."

கொற்றன் தலைவரைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மழையில் சுமந்த கனம் இப்போது மறுபடி நெஞ்சில் ஏறியது போல இருந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. கையைப் போக்கிக்கொண்டவன் தரையில் நிற்கிறான், காதைப் பிடித்துத் தொங்கியவர் பலகையில் இருக்கிறார். இந்த ஆளை அன்றைக்குச் சேற்றிலேயே விட்டிருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான். ஆனால் கை நீட்டினால் என்ன ஆகும்? இல்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், ஊர் அவரைத்தான் நம்பும். அதோடு, ஒருவரைச் சபையில் இழுத்துப் போட்டு அவமானப்படுத்தி வாங்குகிற நெல்லில் அவனுக்குச் சோறு இறங்காது.

"நாளைக்குப் பாத்துக்கலாம். சபை கலையட்டும்," என்றார் மருதங்கிழார். குரல் அவருடையதாகவே இல்லை.

"அய்யா, ஒரு வார்த்தை," என்றான் கொற்றன். "அந்த ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க. நான் கூட்டிட்டு வரமாட்டேன். ஒரு தடவை தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டாந்தடவை தூக்க எனக்குக் கை இல்ல. அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு, நான் பத்திரமாத்தான் கொண்டுவந்து சேத்தேன். வரணும்னா அவரே வரட்டும்."

கும்பிடக்கூட ஒரு கைதான் எழுந்தது. அவன் திரும்பி நடந்தான். அவன் முதுகை எல்லாரும் பார்த்தார்கள்.

மண்டபத்தின் படியை அவன் தொடுவதற்குள் பின்னால் பலகை நகரும் சத்தம் கேட்டது. மருதங்கிழார் எழுந்துவிட்டார். நடந்து வந்து கொற்றன் முன்னால் நின்றார். துண்டை எடுத்துக் கீழே போட்டார்.

"அத்தேன்னு கத்துனது நான்தான். கண்ணு முழிச்சப்போ நெஞ்சுல புண்ணு இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. எல்லாரும் வீரன்னு சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். கதையை நானே கட்டிக்கிட்டேன்." அவர் அழுதார். "காது ரொம்ப வலிச்சுதாப்பா?"

"வலிச்சுதுங்க," என்றான் கொற்றன். அவனும் அழுதான்.

கொன்றைநாட்டில் ஒருவர் மெய்யாகவே நெஞ்சைக் காட்டியது அன்றைக்குத்தான்.

நல்ல கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் களஞ்சியச் சாவி இன்னும் அந்துவனார் இடுப்பில்தான் இருந்தது.

"தலைவர் வாக்குக் குடுத்தது சரிதான்," என்று அவர் கையைப் பிசைந்தார். "ஆனா ஆணைன்னு ஒன்னு இருக்கே. இது முதுகுல வந்த ஈட்டிதானே? அரசர் கேட்டா நான் என்ன..."

சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சிலருக்குத் தவத்தில் வரும் வெளிச்சம் இவருக்கு மிச்சத்தில் வரும்.

"கொஞ்சம் இருங்க. ஒரே ஈட்டிதானே? இவன் முதுகுல நுழைஞ்சு, தலைவர் நெஞ்சுல போய் நின்னுச்சு. அப்படின்னா இது ரெண்டு புண்ணு இல்ல, ஒரே புண்ணு. நெஞ்சுல முடிஞ்சதால நெஞ்சுப்புண்ணு. ஒரு புண்ணுக்கு ஒரு பங்குதான் நெல்லு. யாரு ரொம்பத் தாங்குனாங்களோ அவங்களுக்கு. இத்தனை நாளா நாம தப்பான எடத்துல அளந்திருக்கோம்!"

வைத்தியர் ஆமாம் என்று தலையாட்டினார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்றார். மருதங்கிழார் அதற்கும் தலையாட்டினார். இப்படியாக, தலைவருக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வண்டி நெல் கொற்றனுக்குப் போவதென்று முடிவாயிற்று. நியாயம் வென்றது என்று ஊர் கொண்டாடியது. புதிதாக ஒரு மணியும் செலவாகவில்லை என்று அந்துவனார் கொண்டாடினார். கொற்றன் சித்திரைக்கு முன்னால் ஆள் பிடித்து வயலை உழுதுவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தான்.

மறுநாள் களஞ்சியத்தில் அவனுக்கு நெல் அளந்தார்கள். அந்துவனார் அளக்க, சேந்தி சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது போருக்கு முன் செக்காட்டிய கீரன் என்பவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். அவர் எந்நேரமும் போர்வையோடு திரிகிறவர், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அன்று போர்வையை எடுத்தார். முதுகில் வெட்டுக்காயம் ஒன்று குறுக்கே ஓடியது. அதற்குப் பிறகு அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்ததில்லை. தம் மனைவியிடம்கூட அவர் அதைக் காட்டவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஆளைத் தூக்கி வந்தவனுக்கு முதுகுப்புண்ணானாலும் நெல் உண்டு என்கிற புது வழக்கம் அந்துவனாருக்கு இப்போது தெரியும். "யாரைத் தூக்கிட்டு வந்தே?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லீங்க. ஓடச் சொல்லி முரசு அடிச்சாங்க. ஓடினேன்."

"அப்படின்னா ஒன்னும் இல்ல, போ," என்று அந்துவனார் பழைய நிம்மதியோடு சொன்னார். கீரன் போர்வையை எடுத்துக்கொண்டார். அவருக்கு இது எதிர்பார்த்ததுதான்.

கொற்றன் கீரனைப் பார்த்தான். முன்பு தான் நின்ற இடத்தில் இன்று இவர் நிற்கிறார். முரசு அடித்தபோது இருவரும்தான் ஓடினார்கள். வழியில் ஓர் ஆள் விழுந்து கிடந்ததால் இவனுக்கு நெல், வழி சும்மா இருந்ததால் அவருக்கு ஒன்றும் இல்லையா? அப்போது அவனுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று ஆற்றங்கரையிலிருந்து அவன் தானாக நடந்து வரவில்லை. மயங்கிக் கிடந்தவனை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டுபோய் இடையரின் குடிசையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். யார் என்று இடையருக்கும் தெரியாது. யாராகவும் இருக்கலாம்.

"அய்யா," என்றான் கொற்றன். "என்னைத் தூக்கிட்டு வந்து காப்பாத்துனது இவருதாங்க."

மரக்கால் அந்தரத்தில் நின்றது. கீரன் வாயைப் பிளந்தார். "நானா?"

"நீங்கதான். மறந்துட்டீங்க."

சேந்தி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

தலைவரை அழைத்துவந்தார்கள். மருதங்கிழார் கீரனின் முதுகைப் பார்த்தார், கொற்றனின் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கதை கேட்டுப் பழக்கம் உண்டு. "இது வேற வெட்டு, வேற புண்ணு. அளந்து போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீரனுக்கு நெல் கிடைத்த செய்தி பரவியது. அடுத்த நாள் இன்னொரு போர்வை விலகியது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. ஓடச் சொன்னதால் ஓடி, முதுகில் வாங்கி, வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக் கிடந்தவர்கள் அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லாரையும் கொற்றனுக்கு அடையாளம் தெரிந்தது. களஞ்சியத்தைப் பூட்டுகிற நாளுக்குள் அவனைச் சுமந்து வந்தவர்கள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள்.

அந்துவனாருக்கு அழுகையே வந்துவிட்டது. மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி, ஒரே ஒரு ஆளை எத்தனை பேருடா தூக்குவாங்க?"

கொற்றன் பணிவாகச் சொன்னான்: "நான் ரொம்பக் கனமுங்கய்யா."

ஆகையால், கேட்ட பெரியவர்களே, குழந்தைகளே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அடிபட்டு வந்தவனிடம் எந்தப் பக்கம் என்று கேட்கிற ஊரில், நியாயமும் ஒரு பொய்யைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருக்கும்.